நானூற்றுப் பன்னிரண்டு ஒலிநாடாக்களும் ஒரு கணினியும்

வீட்டில் இசை கேட்பதற்கென்றே ஒரு கணினி அமைக்கப் போகிறோம் என்று நாலு பேரிடம் சொன்னால் போதும், ஆளுக்கொரு யோசனை வந்து சேரும். ஒருவர் செயலியின் வேகத்தைப் பற்றிப் பேசுவார். இன்னொருவர் ஒலிப்பெருக்கியைப் பற்றி. தங்கமுலாம் பூசிய கம்பி இல்லாமல் எதைக் கேட்டும் பயனில்லை என்பார் மூன்றாமவர். நான்காமவர் சற்று இரக்கத்தோடு, எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே, இந்த வேலை எதற்கு என்று கேட்பார். இவர்களில் நான்காமவரின் கேள்விதான் உருப்படியானது என்று எங்களுக்குத் தோன்றியது. எதற்கு என்பது தெளிந்தால்தான் எதை வாங்குவது என்பது தெளியும். இந்தக் கட்டுரை அந்தத் தெளிவுக்கு நாங்கள் வந்து சேர்ந்த வழியைப் பற்றியது. இதே வேலையில் இறங்க நினைக்கும் நண்பர்களுக்கு ஒன்றிரண்டு இடங்களில் உதவக்கூடும்.

நாங்கள் என்றால் அக்காளும் தம்பியுமாக இருவர். ஒருவர் திருச்சியில், மற்றவர் கோவையில். இருவரும் கணினித் துறையினர் அல்லர். இசையிலும் கேள்வி ஞானத்துக்கு மேல் ஒன்றுமில்லை. அந்தக் கேள்வி ஞானமும் பெரியப்பாவின் வீட்டுக் கூடத்தில் வந்தது.

பெரியப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதைக் கடந்தவர். 1978-இல் ஒரு டூ-இன்-ஒன் வாங்கினார். அன்று தொடங்கி ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள், வானொலியில் ஒலிபரப்பான கச்சேரிகளைப் பதிந்துகொண்டே இருந்தார். திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கப்பட்டது. காவிரிக் கரையின் நாகஸ்வரக்காரர்களும் பாடகர்களும் வந்துபோன இடம். அதன் ஒலிபரப்புகளும், சனிக்கிழமை இரவுகளின் தேசிய நிகழ்ச்சிக் கச்சேரிகளும்தான் பெரியப்பாவின் சேகரம். மதுரை சோமு, எம்.டி.ராமநாதன், ஸ்ரீரங்கத்திலேயே குடியிருந்த ஷேக் சின்ன மௌலானா என்று போகும் அந்த வரிசை. பெரும்பாலும் 90 நிமிட நாடாக்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு எண் மட்டும் எழுதியிருக்கும். பாடகர் பெயர் கிடையாது, ராகம் கிடையாது, தேதி கிடையாது. எண் 1-இல் தொடங்கி 412-இல் முடிகிறது. மற்ற விவரமெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது.

நான்காமவருக்கு முதல் பதில் இதுதான். சோமு இணையத்தில் இருக்கிறார். ஆனால் இந்த அலமாரியில் இருக்கும் குறிப்பிட்ட இரவுகளின் சோமுவைத் தேடினோம், கிடைக்கவில்லை. வானொலிக் கச்சேரி ஒரு முறை காற்றில் போனால் போனதுதான். நிலையத்தின் காப்பகத்தில் தங்கியவை போக, மிச்சம் யாராவது ஒருவர் வீட்டில் யாராவது ஒருவர் பொத்தானை அழுத்தியிருந்தால்தான் உண்டு.

இரண்டாவது பதில் பெரியப்பாவின் கண்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைத் தின்னும் கிளாக்கோமா அவருக்கு. முதலில் பக்கப் பார்வை போயிற்று. பிறகு நேர்ப் பார்வையும் மங்கத் தொடங்கிற்று. மருந்து இருப்பதைக் காக்கும், போனதைக் கொண்டுவராது. இப்போது அவருக்கு வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும், எழுத்து தெரியாது. கைப்பேசியின் தொடுதிரை அவருக்கு வழவழப்பான ஒரு கண்ணாடித் துண்டு. ஆனால் அலமாரிக்கு முன் நின்றால், அடுக்குக்கு ஐம்பது என்று அவரே அடுக்கிவைத்ததால், ஐந்தாவது அடுக்கில் பதினேழாவதைத் தடவி எண்ணி 217-ஐ எடுத்துவிடுவார். எடுத்ததைப் போட்டுக் கேட்கத்தான் கருவி இல்லை. பழைய கருவிகளின் ரப்பர் பட்டைகள் இளகிப்போயின, தலைப்பகுதிகள் தேய்ந்தன, மாற்றுப் பாகங்களுக்கு எங்கள் ஊர்க் கடைகளில் கையை விரிக்கிறார்கள்.

ஆகவே எங்கள் தேவை இரண்டு. நாடாக்களில் இருப்பது அழியாமல் இருக்க வேண்டும். அதைப் பார்வையற்ற ஒருவர் பிறர் துணையின்றிக் கேட்க முடியவேண்டும். கணினியின் ஒவ்வொரு பாகத்தையும் இந்த இரண்டு கேள்விகளின் முன்னால் நிறுத்தித்தான் தேர்ந்தெடுத்தோம்.

கணக்கிலிருந்து தொடங்கினோம். 412 நாடாக்கள், ஒவ்வொன்றும் 90 நிமிடம் என்றால் மொத்தம் 618 மணி நேரம். ஒலிநாடாவை விரைவாகப் படியெடுக்கக் குறுக்குவழி தேடினால் தரம் கெடும். தொண்ணூறு நிமிடக் கச்சேரியைப் பதிய தொண்ணூறு நிமிடம் உட்காரத்தான் வேண்டும். நாளுக்கொரு நாடா என்றால் ஓராண்டுக்கு மேல் ஒன்றரை மாதம். பொருள் செலவைவிட இந்தக் காலச் செலவு பெரிது. ஒரு முறைதான் செய்ய முடியும் என்பதால் அந்த ஒரு முறையைச் சரியாகச் செய்யவேண்டும்.

குறுந்தகட்டின் அளவில் பதிந்தால், அதாவது நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் ஆகிறது. ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம், பழைய பதிவுகளை எண்ணாக்கும்போது குறைந்தபட்சம் 48,000 மாதிரிகளும் 24 பிட்டும் வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. சாதாரண ஒலிநாடாவின் இரைச்சலுக்கு மேலே உள்ள இசைக்குப் பதினாறு பிட்டே தாராளம். இருந்தாலும் பெரியப்பா பதிந்த காலத்தில் ஒலியளவு நாடாவுக்கு நாடா மாறியிருக்கிறது. மேலே கொஞ்சம் இடம் விட்டுப் பதிவதற்கு 24 பிட் வசதி. அந்தக் கணக்கில் ஒரு நாடா 1.56 கிகாபைட், 412 நாடாக்களுக்கு 641 கிகாபைட். இழப்பில்லாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில் வைத்தால் இன்னும் குறையும். ஒரு டெராபைட் வட்டு தாராளமாகப் போதும். நாங்கள் எதிர்பார்த்ததைவிடச் சிறிய எண் இது. இருபத்தைந்து ஆண்டுகளின் இரவுகள் சட்டைப் பைக்குள் அடங்கிவிடுகின்றன.

எம்.பி.3 ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு: எம்.பி.3 காதுக்குக் கேட்காது என்று தான் கருதுவதை வீசிவிடும்; வீசியது திரும்பாது. ஃபிளாக் எதையும் வீசுவதில்லை. அதன் முதல் முழுப் பதிப்பு 2001-இல் வந்தது. 2024 டிசம்பரில் இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பின் ஆவணமாகவும் அதன் இலக்கணம் வெளியாயிற்று. நாளை எந்த நிறுவனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த ஆவணத்தைப் படித்து ஒருவர் இந்தக் கோப்புகளைத் திறக்க ஒரு நிரலை எழுதிவிட முடியும். வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதில் எங்களுக்குப் பெரிய காரணம் இதுதான்.

இனி செயலி. விளம்பரங்களில் மிகுதியாகப் பேசப்படும் இந்தப் பாகம் எங்கள் வேலைக்கு மிகக் குறைவாகவே முக்கியம். ஒரு ஃபிளாக் கோப்பை விரித்து ஒலியாக்குவது இன்றைய செயலிகளுக்கு ஒரு வேலையே அல்ல. 2012-இல் வந்த முதல் ராஸ்பெரி பை என்னும் சிற்றட்டைக் கணினியே அதைச் செய்துவிடும். எனவே வேகத்தைப் பார்க்காமல் சத்தத்தைப் பார்த்தோம். கூடத்தில் இருக்கப்போகும் பெட்டி. ஆலாபனையின் கீழ் ஸ்தாயியில் பாடகர் குரலை இறக்கும்போது விசிறியின் சுழற்சி கேட்கக்கூடாது. வீட்டில் சும்மாக் கிடந்த மடிக்கணினி இந்தத் தேர்வில் முதலில் விலகியது. கொஞ்சம் சூடேறினாலும் அது இரையத் தொடங்கிவிடும்.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று ராஸ்பெரி பை. மற்றது 2023-இல் இன்டெல் வெளியிட்ட என்100 செயலி பொருத்திய, விசிறியில்லாத சிறு பெட்டி. முன்னது சிக்கனம். ஆனால் அதன் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. வழக்கமாக இயங்கும் சிறு நினைவட்டையோ, எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனால் கெட்டுப்போகும் சுபாவம் உள்ளது. பின்னதன் செயலி 6 வாட் வகை. நாங்கள் பார்த்த பெட்டியில் நினைவகத்தைக் கழற்றி மாற்றலாம். வட்டைக் கழற்றி மாற்றலாம். இரண்டும் எந்தக் கணினிக் கடையிலும் கிடைக்கும் சாதாரணப் பாகங்கள்.

இந்த இடத்தில் முடிவைச் சொன்னவர் பெரியப்பாதான். மாதிரிக்கு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தோம். திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தார்.

"ஃபேன் இல்லைன்னா சூடு எங்கப்பா போகும்?"

மேற்புறத்து அலுமினியத் தகடுகளின் மேல் அவர் கையை வைத்தோம். வரிவரியாக நின்ற தகடுகளை விரலால் எண்ணினார்.

"மோட்டார் சைக்கிள் இன்ஜின் மாதிரி. சரி. இதத் திறக்க முடியுமா?"

"அடியில நாலு ஸ்க்ரூ இருக்கு பெரியப்பா."

"ஸ்பேர் கிடைக்குமா?"

"கிடைக்கும்."

"அப்ப வாங்குங்க. ஸ்பேர் கிடைக்காத மெஷின், மெஷின் இல்ல. பொம்மை."

பணிமனையில் நாற்பது ஆண்டு இருந்தவரின் இலக்கணம். கணினி இதழ்களில் வரும் ஒப்பீட்டுப் பட்டியல்களில் இந்த ஒரு வரியை நாங்கள் பார்த்ததில்லை. எட்டு கிகாபைட் நினைவகம் போட்டோம். அதுவும் இந்த வேலைக்கு அதிகம்தான். முழுக் கணினியும் சும்மா இருக்கையில் இழுப்பது பத்து வாட்டுக்கு முன்பின். நாள் முழுதும், ஆண்டு முழுதும் ஓடினாலும் 88 யூனிட்தான்.

வட்டில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. பெட்டிக்குள் இருப்பது சத்தமில்லாத எஸ்.எஸ்.டி. ஆக இருக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை மட்டும் நம்பலாமா? எஸ்.எஸ்.டி. தன் தகவலை மின்னூட்டமாகப் பிடித்துவைத்திருக்கிறது. மின்சாரம் இல்லாமல் நெடுங்காலம் அலமாரியில் கிடந்தால் அது மெல்லக் கசிந்துவிடக்கூடும். சுழலும் பழைய வன்தட்டு காந்தமாக எழுதிவைப்பது. பெட்டியில் போட்டுப் பூட்டிவைக்க அது மேல். தம்பியின் யோசனை, இரண்டு வட்டுகளைப் போட்டு எழுதுவதையெல்லாம் இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்ட் முறையில் அமைத்துவிடலாம் என்பது. அக்காளின் மறுப்பு: ஒரு கோப்பைக் கைதவறி அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும், இடி விழுந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும், இதைப் படி என்று சொல்வது எப்படி? அக்காள் வென்றாள். ரெய்ட் என்பது ஒரு வட்டு பழுதானாலும் வேலை நிற்காமல் இருப்பதற்கான ஏற்பாடு. எங்களுக்கு வேலை இரண்டு நாள் நின்றால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. இருப்பது அழியக்கூடாது, அவ்வளவுதான்.

ஆகவே மூன்று படிகள். கூடத்துக் கணினியில் ஒன்று. திருச்சி வீட்டு பீரோவில், வெளியே வைக்கும் வன்தட்டில் ஒன்று. கோவையில் இன்னொரு வன்தட்டில் ஒன்று. மூன்று மாதத்துக்கொரு முறை கோவை வட்டு பைக்குள் துணிமணிகளுக்கு நடுவே ரயிலேறி வந்து, புதியவற்றை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகிறது. செலவழித்த பணத்தில் பாதிக்கு மேல் இந்த வட்டுகளுக்கே போயிற்று. யாரும் வந்து கண்ணால் பார்த்து வியக்காத பாகம் இதுதான்.

படி இருந்தால் மட்டும் போதாது. அது கெடாமல் இருக்கிறதா என்பதும் தெரியவேண்டும். ஃபிளாக் இங்கே இன்னொரு உதவி செய்கிறது. ஒவ்வொரு கோப்பும் தனக்குள் இருக்கும் ஒலியின் எம்.டி.5 என்னும் கணக்கு முத்திரையைத் தலைப்பகுதியில் சுமந்திருக்கிறது. கணினியைச் சோதிக்கச் சொன்னால், கோப்பை முழுக்க விரித்து, முத்திரையைத் திரும்பக் கணக்கிட்டு, ஒத்துப்போகிறதா என்று சொல்லிவிடும். ஆண்டுக்கொரு முறை பொங்கலுக்கு முன் மூன்று வட்டுகளுக்கும் இந்தச் சோதனை என்று முடிவு செய்திருக்கிறோம். வீட்டைச் சுத்தம் செய்கிற நாளில் இதுவும் நடந்துவிடும்.

கணினியின் எண்களைக் கேட்கும் ஒலியாக மாற்றும் சிறு பெட்டி ஒன்று வேண்டும். இதில்தான் ரசிகர்கள் சொத்தை எழுதிவைப்பார்கள். எங்கள் மூலமே மத்திய அலை வானொலியிலிருந்து சாதாரண நாடாவுக்குப் போனது. அதில் இல்லாத நுட்பத்தை எந்தப் பெட்டியும் உண்டாக்க முடியாது. தனி நிரல் எதுவும் நிறுவாமல், யு.எஸ்.பி. வழியே செருகியதும் வேலை செய்யும் எளிய ஒன்றாகப் பார்த்து வாங்கினோம். பணத்தைவிடக் கவனம் வேண்டியிருந்தது மின்சார இணைப்பில். நம் வீட்டு மின்சாரத்துக்கு 50 ஹெர்ட்ஸ் என்று ஒரு சுருதி உண்டு. நில இணைப்பு சரியில்லாத இடத்தில் அது ஒலிபெருக்கிக்குள் புகுந்து உறுமும். அதன் நான்காம் மடங்கு 200 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டை சுருதியின் ஷட்ஜமோ ஏறத்தாழ 196. சேர்வதுபோல் அருகே வந்து சேராமல் நிற்கும் இந்தச் சுருதியைத் தம்புராவோடு கேட்பதைவிடப் பாட்டை நிறுத்திவிடலாம். மின்பணியாளரை அழைத்து மூன்று முனைச் செருகியின் நில இணைப்பைச் சரிபார்த்து, ஒலிபெருக்கி, கணினி எல்லாவற்றையும் ஒரே இணைப்புப் பலகையில் கொண்டுவந்த பிறகு உறுமல் அடங்கியது. மின்வெட்டுக்கு ஒரு சிறிய யு.பி.எஸ்.; எழுதிக்கொண்டிருக்கையில் விழுந்துவிடாமல் கணினி தன் வேலையை முடித்துக்கொள்ளும் அளவுக்கு.

நிரலைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு வரலாறு எங்களை எச்சரித்தது. வீட்டு இசைக்கென்றே ஸ்குவீஸ்பாக்ஸ் என்று ஒரு கருவி வரிசை இருந்தது. ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் தொடங்கியது; 2006-இல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கியது; 2012-இல் அந்த வரிசையை நிறுத்திவிட்டது. ஆனால் அதன் வழங்கி நிரல் திறந்த மூலமாக இருந்ததால், ஆர்வலர்கள் கைவிடவில்லை. அது 2024-இல் லிரியன் மியூசிக் சர்வர் என்று பெயர் மாறி இன்னும் இயங்குகிறது. கடை மூடினாலும் சமையல் குறிப்பு பொதுவில் இருந்தால் சாப்பாடு நிற்காது. நாங்கள் லினக்ஸின் மேல் மியூசிக் பிளேயர் டீமன் என்னும் திறந்த மூல நிரலை வைத்தோம். 2003 முதல் இருப்பது. அதற்கென்று முகமே கிடையாது. சொன்னதைப் பாடும், நிறுத்தச் சொன்னால் நிறுத்தும். முகமில்லாமல் இருந்ததே எங்களுக்கு வசதியாயிற்று.

ஏனென்றால் இனி வருவதுதான் உண்மையான தேர்வு. பெரியப்பா எப்படிக் கேட்பார்?

திரை உதவாது. குரலுக்குப் பணியும் கருவி ஒன்றை உறவினர் ஒருவர் இரவல் தந்தார். பெயரைச் சொன்னால் எங்கிருந்தோ ஒரு பாட்டைக் கொண்டுவந்தது. அலமாரியிலிருந்து எடுத்துத் தர அதற்குத் தெரியவில்லை. தொலை இயக்கி ஒன்றைக் கொடுத்தோம். நாற்பது பொத்தான்கள், எல்லாம் ஒரே வடிவம். அதை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார்.

ஒரு நாள் அவரிடம், உங்களுக்குக் கேட்கத் தோன்றும்போது மனதில் முதலில் என்ன வருகிறது என்று கேட்டோம். ராகமா, பாடகரா, பாட்டின் தொடக்கமா? கொஞ்சம் யோசித்தார்.

"நம்பர்தான் வரும்" என்றார்.

கோப்புகளுக்கு என்ன பெயர் வைப்பது, பாடகர் வாரியாகப் பிரிப்பதா, ராக வாரியாகப் பிரிப்பதா என்று பல வாரங்கள் பேசியிருந்தோம். அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்தது. கோப்பின் பெயர் நாடாவின் எண். பக்கம் ஏ, பக்கம் பி. பாட்டுப் பாட்டாக வெட்டவில்லை. ஒரு பக்கம் ஒரு கோப்பு. பாடகர், பக்கவாத்தியம், ராகம் எல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதிய தனி ஏட்டில் இருக்கின்றன. அது எங்களுக்காக, எங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்காக.

எண்தான் சாவி என்றால் தேவைப்படும் பாகமும் தெரிந்துவிட்டது: கணக்கர்கள் பயன்படுத்தும், எண்கள் மட்டுமே கொண்ட சிறு விசைப்பலகை. எல்லாப் பாகங்களிலும் விலை குறைந்தது அதுவாகத்தான் இருக்கும். அதன் 5 என்ற விசையில் ஒரு சிறு மேடு இருக்கும்; விரல் அதை வைத்து மற்றவற்றைக் கண்டுகொள்ளும். ஆனால் கணக்கர் பலகையில் மேல் வரிசை 7, 8, 9. தொலைபேசியில் மேல் வரிசை 1, 2, 3. பெரியப்பாவின் விரல் தொலைபேசியில் பழகியது. அக்காளின் மகள், கல்லூரியில் படிக்கிறவள், வரிசையைத் தலைகீழாக்கும் நிரலையும் சேர்த்து எழுதித் தந்தாள். எண்ணை அடித்துப் பெரிய விசையை அழுத்தினால் ஏ பக்கம். கூட்டல் குறியை அழுத்தினால் பி பக்கம். பூஜ்யத்தை அழுத்திப் பிடித்தால் நிறுத்தம். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒலிபெருக்கியிலேயே ஒரு திருகு. அதற்காகவே திருகு உள்ள ஒலிபெருக்கியாகத் தேடி வாங்கினோம்.

அடித்த எண் சரிதானா என்று தெரிய, ஒவ்வொரு விசைக்கும் அந்த எண்ணைக் கணினி சொல்லவேண்டும். பேத்தி தன் குரலில் பதிந்து தருவதாகச் சொன்னாள்.

"வேண்டாம் பாப்பா" என்றார். "உன் குரல் கேட்டா நீ கூப்பிடறேன்னு திரும்பிப் பார்ப்பேன்."

"அப்ப யார் குரல் தாத்தா?"

"என் குரலே இருக்கட்டும்."

பூஜ்யம் முதல் ஒன்பது வரை தானே சொன்னார், பத்துச் சொற்கள். இப்போது கூடத்தில் அவர் விசையை அழுத்தும்போது அவர் குரலே இரண்டு, ஒன்று, ஏழு என்கிறது. பிறகு வானொலியின் இரைச்சல், பிறகு தம்புரா.

வெட்டுவது பற்றியும் ஒரு பேச்சு நடந்தது. தொடக்க கால நாடாக்கள் வானொலிக்கு முன் பதிவுக் கருவியை வைத்து எடுத்தவை. ஆதலால் கூடத்தின் சத்தங்களும் அவற்றில் உண்டு. பாத்திரம் விழுகிறது, வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள், எண் 31-இல் பணிமனைச் சங்கு ஊதுகிறது. இவற்றை மென்பொருளால் மட்டுப்படுத்த முடியும். தொடுவதற்கு முன் அவரையே கேட்டோம்.

"சங்கை எடுத்துட்டா எனக்குப் பாட்டு எங்க இருக்குன்னு தெரியாது. அது ஊதினதும் ரெண்டு நிமிஷத்துல தனி ஆவர்த்தனம்" என்றார்.

எதையும் எடுக்கவில்லை. இரைச்சலைக் குறைப்பது என்றைக்கும் செய்யக்கூடிய வேலை. அழித்ததைச் சேர்ப்பது யாராலும் ஆகாது. இந்தப் பதிவுகள் வீட்டுக்குள் கேட்பதற்கு. வலையேற்றுகிற உரிமை எங்களுடையது அல்ல என்பதால் அந்த எண்ணமும் இல்லை.

எந்த வரிசையில் பதிவது என்பதையும் அவரே சொன்னார். அவருக்குப் பிடித்தவற்றை முதலில் முடித்துவிடலாம் என்பது எங்கள் கணக்கு. எண்பதைக் கடந்தவர், ஓராண்டு வேலை, எங்கள் மனதில் ஓடியதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்கு அது புரிந்துதான் இருக்கவேண்டும்.

"பழுதானது முதல்ல ஷெட்டுக்குப் போகணும்" என்றார். "நல்லா ஓடுறது காத்திருக்கும்."

அதன்படியே நடக்கிறது. ஒவ்வொரு நாடாவையும் கையில் வாங்கி, சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்து, இறுக்கத்தை வைத்து அதன் முறையைச் சொல்கிறார். அழுத்தப் பஞ்சு விழுந்தவை, பூசணம் பிடித்தவை, மெல்லிய 120 நிமிட நாடாக்கள் சில முன்னால் போய்விட்டன. எண் 58-ஐப் புதிய கூட்டுக்குள் மாற்றவேண்டியிருந்தது. திருகாணிகளைக் கழற்றியவர் அவர், நாடாவைக் கோத்தது நாங்கள். இரண்டு நாடாக்களில் பூச்சு உதிர்ந்து ஒன்றுமே மிஞ்சவில்லை. அவற்றையும் எண்ணோடு அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறோம்; எடுத்துவிட்டால் அவர் விரல் கணக்குத் தப்பிவிடும். அவை இரண்டையும் சேர்த்து 163 முடிந்திருக்கின்றன; 249 மீதி.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். கணினிக் கடைக்குப் போகுமுன் அந்தப் பெட்டியை இறக்குங்கள். அதைச் சேர்த்தவர் இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பெயரால் அவர் அதை நினைவு வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். எண்ணாக இருக்கலாம், நாடாவின் நிறமாக இருக்கலாம், வாங்கிய ஊராக இருக்கலாம். கோப்புக்கு அந்தப் பெயரை வையுங்கள். செயலி அடுத்த ஆண்டு இன்னும் மலிவாகக் கிடைக்கும். அந்தப் பெயர்களைச் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் எண் 307 ஓடிக்கொண்டிருக்கிறது. ஷேக் சின்ன மௌலானாவின் நாகஸ்வரம். ஏ பக்கம் முடிந்து பி பக்கம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. பதிவு முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. பெரியப்பா பக்கத்து நாற்காலியில் தாளம் போடுகிறார். ஒலிவாங்கி எதுவும் திறந்திருக்கவில்லை, ஆனாலும் சத்தம் வராமல்தான் போடுகிறார்.